பாராடாங் சரிவில் பெட்ரோல் குடித்த கார்

இன்று காலை பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் பாபு புல் வெட்டும் மெஷினின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு இழுப்பு, ஒரு ஹிந்தி வசவு. இன்னொரு இழுப்பு, ஒரு பெங்காலி வசவு. எரியாத பெட்ரோலின் வாசம் வேலியைத் தாண்டி என் டீ டம்ளர் வரைக்கும் வந்தது. எரிந்த பெட்ரோலுக்கு ஒரு வாசம், எரியாததற்கு வேறு வாசம். இரண்டாவது வாசம் வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிடுவேன். அதற்குக் காரணம் சௌல்தாரி செல்லையா.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். ராமநாதபுரத்திலிருந்து கப்பலில், அடித்தட்டு பங்க் கிளாஸில் வாந்தி எடுத்துக்கொண்டே இந்தத் தீவில் வந்து இறங்கினேன். டாலிகஞ்சில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதையே மூன்று ஷட்டர் பட்டறையாக்கினேன். இந்தத் தீவில் ஜீப், லாரி, அம்பாசடர் எது நின்றாலும், "உஸ்தாத் கோ புலாவ்" என்றுதான் ஆள் அனுப்புவார்கள். மேஸ்திரியைக் கூப்பிடு என்று அர்த்தம். உஸ்தாத் என்றால் நான்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ரிசார்ட் நடத்தும் தத்தா பாபு அந்த ஜப்பான் காரைக் கப்பலில் இறக்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. உள்ளே பிஸ்டனே கிடையாது. மூன்று பக்கமும் புடைத்த முக்கோண இரும்பு ஒன்று அறைக்குள் கிறுகிறுவென்று சுற்றும். அதற்கு ரோட்டரி இன்ஜின் என்று பெயர். சென்னையில் முன்பு வைத்திருந்தவன், இன்னும் வேகம் வேண்டுமென்று பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிசாக மாட்டிவிட்டிருந்தான். நாற்பதுக்கு மேல் ஓட்டவிடாத எங்கள் காட்டு ரோட்டில் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அழகான பெண்ணை யாராவது கணக்குப் பார்த்தா கட்டுகிறான்?

அந்தக் காரை வேறு யாரையும் தொடவிடமாட்டேன். கழுவ வந்தவனைக்கூட விரட்டியிருக்கிறேன். தினமும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், நான் எதையாவது செய்து கிளப்பிவிடுவேன். எதனால் கிளம்பியது என்று எனக்கே தெரியாது, முகத்தில் காட்டிக்கொள்ளமாட்டேன். கடைசியில் தத்தா பாபுவுக்குச் சலித்துவிட்டது.

"உஸ்தாத், ரங்கத் போய்ட்டு வருவோம். வழியில நிக்காம போய் வந்தா வண்டி இங்கயே இருக்கும், உன் கையில. இல்லன்னா அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட்."

"நிக்காது பாபு. நான் இருக்கேன்ல."

காட்டுவழியில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாயில் ஒழுங்காகத்தான் போனோம். வண்டிகளை அக்கரை சேர்க்கும் பாராடாங் ஃபெர்ரிக்குக் காத்திருந்த இடத்தில் சனி பிடித்தது. ஃபெர்ரி ஒன்று பழுது, மழை வேறு. இரண்டு மணி நேர வரிசை. எங்கள் தீவில் ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோல் கடல் தாண்டி வருகிற சாமான், அதனால் வரிசையில் பத்தடி நகர்ந்ததும் வண்டியை அணைத்துவிடுவோம். நானும் பெருமையாக, "பந்த் கரோ பாபு, வேஸ்ட்" என்று ஒவ்வொரு பத்தடிக்கும் அணைக்கச் சொன்னேன். ஆறிப்போன ரோட்டரியைக் கிளப்பி, சூடேறுவதற்குள் அணைத்தால், அந்தப் பெரிய இன்ஜெக்டர் ஊற்றுகிற பெட்ரோல் எரியாமல் அறைக்குள்ளேயே தேங்கிவிடும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஃபெர்ரி அக்கரை சேர்ந்தது. முதல் வண்டி எங்களுடையது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதே தவிர, கிளம்பவில்லை. கடல் தண்ணீர் வற்றின நேரம், இறங்குதளம் செங்குத்தாக நின்றது, பாசி வேறு. தள்ளிப் பார்த்த நாலு பேரும் வழுக்கி விழுந்தார்கள். பின்னால் பஸ்ஸும் லாரிகளும் ஹாரன் அடித்தன. நான் ஓட்டுநர் சீட்டில் ஏறி, அம்பாசடரை மிதிப்பதுபோல ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மிதித்துக்கொண்டே செல்ஃப் அடித்தேன். வாசம் கண்ணைக் கரித்தது.

"அண்ணே, போதும்ணே. அதுக்குத் தண்ணி காட்டினது போதும். இப்ப காத்துதான் வேணும்."

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் கைலி கட்டியிருந்தார், ஒல்லி ஆள். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவில் குடியேற்றப்பட்ட குடும்பம். அங்கே டிங்கிப் படகு மோட்டார்களைப் பார்த்துவிட்டு, பிறகு சௌல்தாரியில் பாக்குமரத்தடியில் ஒரு கொட்டகை போட்டவர். போர்டுகூடக் கிடையாது. பெயர் செல்லையா.

"இது டிங்கி இல்லய்யா, ஜப்பான் கார்" என்றேன்.

"தெரியுதுங்க. மூச்சு முட்டினா எல்லாம் ஒண்ணுதானே."

தத்தா பாபு என்னை இறங்கச் சொன்னார். இறங்கினேன். செல்லையா சாவியைப் பாதி திருப்பி, பின்னால் முனகும் பெட்ரோல் பம்புக்குக் காது கொடுத்தார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதைப் பிடுங்கியதும் முனகல் நின்றதோ அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடமே பிளக் ஸ்பேனர் கேட்டார். கொடுத்தேன். பிளக்கைக் கழற்றி, ஆக்சிலேட்டரைத் தரைவரை அமுக்கிப் பிடித்துச் செல்ஃப் அடித்தார். ஓட்டை வழியாக பெட்ரோல் புகைபோலச் சீறியது. சொட்டு ஆயில் விட்டார். பெட்ரோல் கழுவிவிட்ட சீலுக்கு அது பிடிமானமாம். பிளக்கைத் துடைத்து மாட்டி, ஃபியூஸைச் செருகி, சாவியைத் திருப்பினார். நாலு முறை இருமி, படகுத்துறை முழுக்க வெள்ளைப் புகை விட்டு, என் கார் அவர் காலடியில் பாடியது.

நான் வேண்டிக்கொண்டேன், அணைந்துபோகட்டும் என்று. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

அணையவில்லை. தத்தா பாபு செல்லையாவைப் பார்த்து, "ஆப் பைட்டியே" என்று பக்கத்து சீட்டைத் தட்டினார். மறுபடி நின்றால் கூட ஆள் வேண்டுமல்லவா. இரண்டே சீட்டு என்று முன்பே சொன்னேன். ரங்கத் வரைக்கும் நான் செல்லையாவின் பஸ் சீட்டில் உட்கார்ந்து போனேன். தங்கச்சி வீட்டுக்கென்று அவர் வைத்திருந்த கருவாட்டுப் பை என் மடியில். "பாத்துக்கங்கண்ணே" என்று கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கார் தீவிலேயே தங்கியது, ஆனால் சௌல்தாரிக் கொட்டகையில். இன்ஜெக்டர் பெரிசு என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். சின்னதை வரவழைத்து மாட்டிய பிறகு அது ஒருநாளும் அடம்பிடிக்கவில்லை. அந்த சிவப்பு கார் என் பட்டறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஆனால் ஊரில் கதை சொன்னது நான். "பாராடாங்ல அந்த ஜப்பான் காரைக் கிளப்பினது யாரு?" என்று நானே கேட்டு, நானே நெஞ்சைத் தட்டிக்கொள்வேன். ஒருநாள் டீக்கடையில் இதை அளந்துகொண்டிருந்தபோது, பின் பெஞ்சில் செல்லையா. கடைக்காரர் அவரிடமே கேட்டார், "நீரும் அன்னிக்கு இருந்தீராமே?"

செல்லையா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "இருந்தேன். ஸ்பேனர் அண்ணனோடதுதான்."

அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட வலி ஆறியிருக்கும்.

தத்தா பாபு ரிசார்ட்டை விற்றுவிட்டு கல்கத்தா போய்விட்டார். கார் உப்புக்காற்றில் ஓட்டையாகி, கடைசியில் கிலோ கணக்கில் போனது. இப்போது பேட்டரி வண்டி வருகிறது, அதற்கு மூச்சு முட்டுவதே இல்லை. போன மழைக்கு செல்லையாவும் போய்விட்டார். டாலிகஞ்சில் அந்தக் கதையை இனி நான் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம், குறுக்கே பேச ஆளில்லை. துக்கத்துக்குப் போய்வந்த சாயங்காலமே டீக்கடையில் வாயைத் திறந்தேன். "பாராடாங்ல…" என்று தொடங்கி, பழக்கத்தில் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அதற்கு மேல் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.