இஸ்திரிக்காரர் மகளின் புரதம்

எங்கள் ஆய்வகத்தில் அவர் எல்லோருக்கும் 'இஸ்திரி அக்கா'. "எங்கப்பா துணி மடிக்கிறவர், நான் புரதம் மடியுதான்னு பாக்கிறவ. குடும்பத் தொழில்தான்" என்று அவரே சொல்லிச் சிரித்து வாங்கிக்கொண்ட பெயர்.

புரதம் ஒரு நீண்ட இழை. சரியாக மடிந்தால்தான் உடம்பில் வேலை செய்யும். மடிந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. இடமாகவும் வலமாகவும் சுழலும் புற ஊதா ஒளியை அதனுள் செலுத்தி, எதை அதிகம் விழுங்குகிறது என்று கருவி வரையும் கோட்டைப் பார்க்க வேண்டும். அக்காவின் புரதம் மடிந்திருந்தால் கோட்டில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள் விழும். பிரிந்து கிடந்தால் ஓரத்தில் ஒரே பள்ளம்.

இதுவரை அவருக்கு விழுந்ததெல்லாம் ஒரே பள்ளம்தான். ஏன் என்று பேராசிரியருக்கும் தெரியவில்லை. துறை கொடுத்த கூடுதல் காலமும் இந்த மாதத்தோடு முடிகிறது. இம்முறையும் மடியாவிட்டால் பட்டமில்லாமல் வீடு திரும்ப வேண்டியதுதான்.

மிஞ்சியிருந்த கடைசிப் புரதக் கரைசலைக் குவார்ட்ஸ் குப்பியில் விட்டுக் கருவிக்குள் வைத்தார். உதவிக்கு என்று நான் பக்கத்தில் நின்றேன். கருவியின் மூடியை மூடியதுதான் என் உதவி. கோடு நகரத் தொடங்கியதும் அவர் அப்பா போனில் வந்தார். கையுறையோடு இருந்ததால் அக்கா என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"என்னம்மா, மடிஞ்சுதா?"

"பாத்துட்டே இருக்கேம்ப்பா."

"கடையில 'மடியணும், மடியணும்'னு வாய்விட்டு வேண்டிட்டிருந்தேன். சட்டை வாங்க வந்த டீச்சரம்மா, 'யாருங்க மடியணும்? அப்படி யார் மேல கோவம்?'ங்கறாங்க!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே திரையைப் பார்த்தார். முதல் பள்ளம் விழ வேண்டிய இடத்தைக் கோடு சமமாகவே கடந்தது. இரண்டாவது இடத்திலும் அப்படியே.

"மடியலப்பா."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"அட, இதுக்கு ஏன் குரல் இறங்குது? நல்லா ஒரு உதறு உதறிட்டு, மறுபடி மடிச்சிடும்மா."

உதற எதுவும் மிச்சமில்லை என்று அக்கா சொல்வார் என நினைத்தேன். நானாக இருந்தால் என் வீட்டில் இதை எப்படிச் சொல்வேன் என்று யோசித்தேன். இதைச் சொல்லக்கூட வராவிட்டால் இவ்வளவு படித்து என்ன?

"சரிப்பா," என்றார்.

"ஈரம் இருந்தா மடிப்பு நிக்காது, பாத்துக்க."

"சரிப்பா."

"அவசரப்படாத."

"சரிப்பா."

திரையில் கோடு ஓரத்துக்கு வந்து, அந்த ஒரே பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.