துணி இல்லாமல் ஓட்டிப் பார்

இங்கே வெயில் அடித்தால் அது ஒரு செய்தி. எங்கள் தெருக்காரர்கள் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "குட் ட்ரையிங் டே" என்பார்கள். துணி காய நல்ல நாளாம். முதல் தடவை கேட்டபோது என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்த மரக்காணத்தில் வெயில் உப்பு விளைவிக்க இருக்கிறது. துணி அதுபாட்டுக்குக் காயும். அதற்காக யாரும் ஒரு நாளைப் பாராட்டிப் பார்த்ததில்லை. இங்கிலாந்தின் வடக்கே, நாங்கள் இருக்கும் இந்தச் சிறு நகரத்தில் அப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வரும். மற்ற நாட்களில் ஈரத் துணியை ஒரு பெட்டிக்குள் போட்டுச் சுழற்றிச் சூடாக வெளியே எடுக்கிறோம். எங்கள் வீட்டு ட்ரையர் சமையலறைக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரை ஒட்டி நிற்கிறது.

போன குளிர்காலத்தில் அது சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் யாரோ மாடியில் நாற்காலி இழுப்பது போல் இருந்தது. பிறகு லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல் ஆகிவிட்டது. என் கணவர் சலீம் பேருந்து ஓட்டுகிறார். வந்து படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றார். ஓடியது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்குக் காது மந்தம். குவைத்தில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஆள் உயரத்துக்கு ட்ரையர்கள் வரிசையாக நிற்குமாம், இரவும் பகலும் ஓடுமாம். என் சிறு வயதில் பெரும்பகுதி அவர் அங்கேதான் இருந்தார். ஒரேயடியாக ஊர் திரும்பியபோது இடது காது முழுதாகப் போயிருந்தது, வலது காதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நான் இங்கே வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வேன். நான் கத்துவேன். அவர் "நல்லா இருக்கேன்மா, நீ நல்லா இருக்கியா" என்பார். பதில் சொல்வதற்குள் போன் அம்மா கைக்குப் போய்விடும். அவர் குவைத்தில் இருந்தபோதும், நான் இங்கே வந்த பிறகும், எங்களுக்குள் நடந்த பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் போனைக் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"அது இன்னாம்மா சத்தம்?"

நான் சொல்வது எதுவும் ஏறாத காதில் ட்ரையர் ஏறிவிட்டது. "ட்ரையர், அத்தா" என்று கத்தினேன்.

"அதான் தெரியுதே. துணி இல்லாம ஓட்டிப் பாரு. அப்பவும் சத்தம் வந்தா துணி மேல தப்பு இல்ல. ட்ரம்முக்குக் கீழ ரோலர் இருக்கும், அது தேஞ்சிருக்கும்."

"சரி அத்தா, பாக்குறேன்."

"கரண்ட புடுங்கிட்டுக் கை வை."

அதற்குப் பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளி வருவதற்குள், திங்கட்கிழமை, தம்பி ரபீக் அழைத்தான். "அக்கா, அத்தா மவுத்தாயிட்டாரு. விடிகாலைல சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனோம், எழுந்துக்கல." அன்றைக்கே, சாயங்கால அசர் தொழுகைக்குள் அடக்கம் என்றான். எங்கள் விசா விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பமே இல்லாமல் போய்விடும். அது இல்லையென்றாலும் அசருக்குள் யாரால் போய்ச் சேர முடியும்? "வீடியோ போடட்டுமா அக்கா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பிறகு குரல் செய்தி வந்தது. "அடக்கம் பண்ணிட்டோம்கா. நல்ல கூட்டம்."

எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுடு மும்தாஜ், உள்ளயே வச்சுக்காத" என்றார் சலீம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தேன். கண்ணாடியில் இருந்த முகம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரோ ஒருத்தியின் முகம் போல் இருந்தது. வெளியே வந்து வெங்காயம் நறுக்கினேன். ஊரில் என்றால் வீடு நிறையப் பெண்கள் இருந்திருப்பார்கள். ஒருத்தி அழுதால் அடுத்தவளுக்கும் வரும். இங்கே தொடங்கி வைக்க யாருமில்லை.

புதன்கிழமை அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டு ஜெஃப். தனியாக இருக்கும் வயதான மனிதர். பார்க்கும்போதெல்லாம் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வாக்கியம் சொல்வார். அன்றைக்கு வாசலில் நின்று, "ஹீஸ் கான், ஹாஸ் ஹீ?" என்றார். போய்ட்டாரா?

தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "ஆமாம். திங்கட்கிழமை."

"நினைத்தேன். வாரக்கணக்காகச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், கிழவன்."

வெள்ளிக்கிழமைகளில் நான் போட்ட கூச்சல் ஞாபகம் வந்து கூசியது. "மன்னிக்கவும். அவருக்குக் காது கேட்காது. அதனால் நான் கத்த வேண்டியிருந்தது."

ஜெஃப் மரியாதையாகத் தலையாட்டினார். "கவுன்சிலுக்குப் போன் செய்தால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்."

"தேவையில்லை. அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள்."

"யாரை?"

"என் அப்பாவை."

அவர் தொப்பியைக் கழற்றினார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "நான் உங்கள் ட்ரையரைச் சொன்னேன்" என்றார், காற்றில் பாதி போய்விடும் குரலில். காரையும் கெட்டிலையும்கூட அவர் 'அவன்' என்றுதான் சொல்வார் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் துணி துவைக்கவே இல்லை. சத்தம் நின்றுபோனதால் எந்திரம் செத்துவிட்டது என்று எண்ணி, பழையதை நகராட்சி மூலம் அப்புறப்படுத்த யோசனை சொல்ல வந்திருக்கிறார்.

அந்த இடத்தில் சிரிக்கவாவது வேண்டும், இல்லையென்றால் அழவாவது வேண்டும். இரண்டும் வரவில்லை. உள்ளே வாருங்கள், டீ போடுகிறேன் என்றேன். அதுவரை எங்கள் வாசற்படி தாண்டாதவர் வந்தார். சமையலறையில் நின்றபடியே குடித்தார்.

"உங்கள் அப்பா என்ன வேலை செய்தார்?"

"ட்ரையர் ஓட்டினார்."

மறுபடியும் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று தவித்தவருக்குக் குவைத்தைச் சொன்னேன், காதைச் சொன்னேன், துணி இல்லாமல் ஓட்டிப் பார் என்றதையும் சொன்னேன்.

"ஓட்டிப் பார்த்தீர்களா?"

"இல்லை."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ட்ரையர் முன்னால் போய் நின்றார். நான் ட்ரம்முக்குள் கையை விட்டுத் துழாவினேன். காசோ ஊசியோ எதுவும் இல்லை. கதவை மூடி வெறுமனே ஓட்டினேன். அதே ஜல்லி. துணி மேல் தப்பு இல்லை. நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்று ஆட்டிப் பார்த்தோம். ஆடவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கினேன். ஜெஃப் வீட்டிலிருந்து கருவிப்பெட்டி வந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு, எங்கள் துணிகளிலிருந்தும், எங்களுக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர்களின் துணிகளிலிருந்தும் உதிர்ந்தது. அதை வாரிப் போட்டுவிட்டு, ட்ரம்மைச் சுற்றியிருந்த பெல்ட்டை நழுவவிட்டு, கையால் சுற்றினேன். ஓரிடத்தில் கடக்கென்று ஏறி இறங்கியது. கீழே இரண்டு சிறு சக்கரங்கள் ட்ரம்மைத் தாங்கி நின்றன. இடப்பக்கத்தது தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. அங்கே ஊரில் உட்கார்ந்துகொண்டு, மிச்சமிருந்த ஒரு காதால், அவர் இதைக் கேட்டிருக்கிறார்.

புதுச் சக்கரம் தபாலில் வந்தது. ஜெஃப் இரண்டு கையாலும் ட்ரம்மைத் தூக்கிப் பிடிக்க, நான் தரையில் படுத்து மாட்டினேன். ஓட்டினோம். மெல்லிய மூச்சு மாதிரி ஓடியது. "ஹீ வுட் பி ப்ளீஸ்டு" என்றார் ஜெஃப். இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாராம். இந்த முறை யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்றேன். ஆனால் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ஈரத் துணியை அள்ளி உள்ளே போட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஊருக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார். "சரியாயிடுச்சும்மா, ரோலர்தான்" என்றேன்.

அம்மா, "ஏம்மா கத்துற? எனக்குக் கேக்குது" என்றார்.

விசா வந்து, விடுப்புக் கிடைத்து நான் மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது கோடை தொடங்கியிருந்தது. அம்மா, கணவரை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில், வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் இருந்தார். என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ரபீக் என்னை வண்டியில், அத்தாவை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குக் கூட்டிப்போனான். ஈசிஆர் சாலை ஓரத்தில் உப்பு அம்பாரங்கள் கண்ணைக் கூசவைத்தன. எங்கள் ஊரில் பெண்கள் கபரஸ்தானுக்குள் போவதில்லை. அது எனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனாலும் வாசல் வரை போன பிறகுதான் அதை யோசித்தேன்.

"எங்கடா இருக்கு?"

"அந்தக் கருவேல மரத்துக்குப் பின்னாடிக்கா. இங்கேர்ந்து தெரியாது." சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "இரு, நான் உள்ள போய் வீடியோ கால் பண்றேன். எடு."

சுவர் என் தோள் உயரம். அவன் நடந்துபோவதும், குனிவதும் தெரிந்தது. பிறகு தலை மறைந்துவிட்டது. போன் அடித்தது. எடுத்தேன். திரையில் கொஞ்சம் மேடான மணல், தலைமாட்டில் நட்ட ஒரு கல், ரபீக்கின் நிழல். அந்தச் சாலையில் நின்றபடி, இருபதடி தூரத்திலிருந்து, நான் அத்தாவைப் போனில் பார்த்தேன்.

"தெரியுதா அக்கா?" என்றான் ரபீக். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்து அதே குரல் மறுபடி கேட்டது. "தெரியுதா அக்கா?"

"தெரியுது" என்றேன். அவனுக்கும் அது இரண்டு முறை கேட்டிருக்கும்.