ஆறுச்சாமியின் காலுக்குள் ஒரு பம்ப்

டாக்டர் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. தனக்கே புரியாததை அடுத்தவருக்குப் புரியவைத்துப் பார்த்தவர்கள் என் கஷ்டத்தை அறிவார்கள்.

முதலில் எது?

ஆறுச்சாமி கேரள எல்லையில் பெருமாட்டிப் பக்கம் தென்னை மரங்களில் கள் இறக்குபவர். மரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு எட்டு மாதமாகியும் கூடவில்லை. வைகாசிக்குள் ஏறாவிட்டால் அவருடைய மரங்கள் வேறு ஆளுக்குப் போய்விடும்.

எங்கள் மலையாளி டாக்டர், இன்னும் பரிசோதனையில் இருக்கும் ஒரு கருவியைக் காலுக்குள் வைக்கலாம் என்றார். நான் விளக்கினேன். நடக்கும்போது எலும்புக்குள் இருக்கும் நீர் அசைகிறது. அந்த அசைவில்தான் எலும்பு வளர்கிறது. நடக்க முடியாதவருக்குக் கருவியே நீரைத் தள்ளிவிடும். மூன்றாம் தடவை சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆறுச்சாமி கேட்டார்: "ஏனுங்க, நடந்தாத்தான் எலும்பு கூடும்னா, இத்தன நாளா உங்க டாக்டரு என்னைய எதுக்குங்க படுக்கச் சொன்னாரு?"

காலையும் சாயங்காலமும்

ஒருவழியாக அவர் சம்மதித்து, காலுக்குள் வைத்த கருவி தன் ஓட்டத்தைத் தானே குறித்துவைக்கும். இரண்டாம் மாதம் பார்த்தால், தினமும் காலையும் சாயங்காலமும் தாறுமாறாகக் குலுங்கியிருக்கிறது. பழுதென்றால் மறுபடி ஆபரேஷன். டாக்டர் என்னை விசாரிக்கச் சொன்னார்.

விசாரித்தேன். ஆறுச்சாமி பையிலிருந்து ஒரு மாட்டெலும்பை எடுத்தார். கள் ஊறுவதற்குப் பாளையைத் தட்டுவது அதைக்கொண்டுதான். "மெசினு மட்டும் தள்ளுனா போதுங்களா? தட்டாம எங்கீங்க ஊறுது? நாந்தான் ரெண்டு நேரமும் காலை மெதுவாத் தட்டியுட்டேனுங்க."

எக்ஸ்ரே

பயத்தில் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். தட்டுவதை நிறுத்தினார். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது! கருவியாலா, தட்டியதாலா, இரண்டுமில்லாமல் தானாகவேவா? டாக்டர் பரிசோதனைப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தார். "மெஷினும் ஓடிச்சு, இவரும் தட்டிச்சு. எலும்பு எதுனால கூடிச்சுன்னு ஞான் எந்தா எழுதுக?"

ஈஸ்வரி

சித்திரை கடைசியில், ஆறுச்சாமி மரமேறலாம் என்று டாக்டர் சம்மதித்தார். மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருப்பவருக்குப் போன் செய்ய ஆறுச்சாமி சிரித்தபடி வெளியே போனார். அவர் மனைவி ஈஸ்வரி மட்டும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஈஸ்வரி வாயைத் திறக்கும்வரை.

"கால் கூடோணும்னு கும்புடாத சாமியில்லீங்க. கூடிருச்சு. நாளைக்கு அதே மரத்துல ஏறுவாரு. இப்ப நாஞ் சிரிக்கோணுமுங்களா, அழுவோணுமுங்களா?"

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் நாற்காலியிலிருந்து எழுந்துபோய், அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.