முட்டுவீட்டுக்குப் போகாத அக்கம்மாள்

ஜெயமங்கலத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் கிராமத்தில், மாதவிலக்கான பெண் வீட்டில் இருக்கக் கூடாது. ஊர்க்கோடியில் இருந்த முட்டுவீட்டில் போய்த் தங்க வேண்டும். யார் போனார்கள், யார் போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். எண்பத்தாறாம் வருடம் ஆவணியில் அக்கம்மாள் போகவில்லை. புரட்டாசியிலும் போகவில்லை. ஐப்பசி பிறந்ததும், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று மாமியார் சோணையம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாவம், உண்மை வேறு என்பது அவளுக்கெங்கே தெரியும்!

கல்யாணமான நாள் முதல் அந்த முட்டுவீட்டு ஈரத்தரையில் மாதந்தோறும் புழுவாய்த் துடித்தவள் அக்கம்மாள். "ஊருல இல்லாத வலியா?" என்றுதான் கேட்டார்கள். வயலில் மயங்கி விழுந்த பிறகுதான் கணவன் வீரணன் மதுரைக்குக் கூட்டிப் போனான். அங்கே டாக்டரம்மா தொப்புளருகே சின்னத் துளை போட்டு, குழாய் விட்டுப் பார்த்தார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியிலும் ஒட்டி வளர்ந்து, மாதந்தோறும் கசிந்து புண்ணாகியிருந்தது. முடிந்தவரை சுட்டு எடுத்தார். மிச்சத்துக்கு, ஆறு மாதம் விலக்கே வராமல் நிறுத்தி வைக்கும் மாத்திரை கொடுத்தார். அதைப் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய அன்று அவளால் நிமிர முடியவில்லை. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்று தோள்பட்டையில் வந்து குத்தியது.

"ஆப்ரேசன் வயித்துல, நோவு தோள்லயா? நல்லாருக்குடி நாடகம்!" என்று சோணையம்மாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

மாத்திரையால் அக்கம்மாளின் உடம்பு ஊதியது, கன்னம் உப்பியது. போதாதா? ஒரு வெள்ளிக்கிழமை சோணையம்மாள் வளையல்காரரைக் கையோடு கூட்டிவந்தாள். மகள் கஸ்தூரியம்மாள் பெரியகுளத்திலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீரணனுக்கு உண்மை தெரியும். தாயின் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கைய நீட்டு ஆத்தா. எங்குலம் தழைக்க வந்த தங்கம்ல நீ!"

பத்து வருடத்தில் மாமியார் சொன்ன முதல் நல்ல வார்த்தை! சும்மா இருந்தால் இன்னும் சில நாள் அந்த அன்பில் குளிர்காயலாம். அக்கம்மாளின் கண் நிறைந்தது. ஆனால் கையை நீட்டவில்லை.

"அத்தை, வயித்துல பிள்ளை இல்ல. டாக்டரம்மா மாத்திரை குடுத்து விலக்க நிறுத்தி வச்சிருக்காக."

வளையல்காரர் மெல்லப் பெட்டியை மூடினார்.

"நிறுத்தி வச்சிருக்கியா? இதென்ன வாய்க்கா தண்ணியா, மடைய அடைக்கிறதுக்கு? பெறகு பிள்ளை எப்படிடி தங்கும்?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"மாத்திரை முடிஞ்சா தங்கலாம், தங்காமலும் போகலாம்னு சொன்னாக மதினி."

சோணையம்மாளுக்கு முகம் கறுத்தது. "அந்த மாத்திரையக் கொண்டா, அடுப்புல போடுறேன். தரலேன்னா எம்மகனுக்கு வேற பொண்ணு பாக்கேன்!"

"பாருங்க அத்தை. அதுக்குப் பயந்து மறுபடியும் அந்தத் தரையில போயி உருள மாட்டேன். இப்பத்தான் நிமிந்து நடக்கேன், நாத்து நடுறேன். வேண்டாம்னா உங்க மகன் வாயால சொல்லட்டும்."

வீரணன் தலை குனிந்தான். அவன் பேசட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு, அன்றைய மாத்திரையை மாமியார் கண்ணெதிரிலேயே விழுங்கினாள்.

தை மாதம் மாத்திரை முடிந்தது. மாசியில் விலக்கு வந்தது. வலியும் வந்தது, ஆனால் பழைய மூர்க்கம் இல்லை. அக்கம்மாள் முட்டுவீட்டுப் பக்கமே திரும்பவில்லை. பின்னறையில் பாய் விரித்து, வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

"தீட்டு! வெளிய போடி!" சோணையம்மாளின் குரல் தெரு முனைவரை கேட்டது.

"போக மாட்டேன் அத்தை. வேணும்னா வந்து தூக்கிப் போடுங்க. என்னையத் தொடணும்ல?"

வாசற்படியோடு நின்றுவிட்டாள் சோணையம்மாள். வீரணன் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஆறிப்போன பையை மனைவியின் கையிலிருந்தே வாங்கினான்.

"வேற பொண்ணுங்கிற பேச்ச இன்னியோட விட்டுரும்மா," என்று சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனான்.