நம்பத் தகுந்த ஆள், வேலை தேடுகிறார்

ரகசியம் காக்கிற தொழிலில் ஒரு சுகம் இருக்கிறது: என்ன வேலை செய்கிறாய் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லத் தேவையில்லை. அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்து வேறு வேலை தேடும்போது, அதே கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் சோறு இல்லை.

நான் பிரிட்டிஷ் ஆமியின் தொலைத்தொடர்புப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க் போடுவது, அதை யாரும் ஒட்டுக்கேட்காமல் பார்ப்பது, வனாந்தரத்தில் கேபிள் இழுப்பது, இழுத்த கேபிளுக்குக் காவல் இருப்பது. இதற்காக என் குடும்பம், கூட்டாளிகள், வங்கிக் கணக்கு, குடிப்பழக்கம் எல்லாவற்றையும் துருவி ஆராய்ந்து, 'இவன் நம்பத் தகுந்தவன்' என்று ஒரு பாதுகாப்பு அனுமதி தந்திருந்தார்கள். கிளியரன்ஸ் என்போம். நான் ஆமியை விட்டு வரும்போது எல்லோரும் முதுகில் தட்டிச் சொன்னார்கள், கிளியரன்ஸ் உள்ளவனை லண்டனில் ஐடிக் கொம்பனிகள் கொத்திக்கொண்டு போகும் என்று. ஒரேயொரு நிபந்தனைதான். ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு கொம்பனி அந்தக் கிளியரன்ஸைப் பொறுப்பெடுக்க வேண்டும். நாமாக அதைப் புதுப்பிக்க முடியாது. வாங்கி வைத்த பால் மாதிரி, அது தன் பாட்டில் திரைந்துபோகும்.

இந்த ஊரில் வேலை தேடி அலைந்தவர்களுக்கும், இப்போதும் அலைந்துகொண்டிருப்பவர்களுக்கும் கீழே வருவது ஒன்றும் புதிதாக இராது. ஆறுதலாகவும் இராது.

போன் கொம்பனி

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்கள் வீட்டில் 'ஆமி' என்ற சொல் காதில் விழுந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போகிற வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை லண்டனுக்கு வந்து, வளர்ந்து, தானே போய் ஆமியில் சேர்ந்தால் அம்மா என்ன செய்வா? வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம், மகன் ஒரு போன் கொம்பனியில் இருக்கிறான், அடிக்கடி வெளிநாடு போகிற வேலை என்று சொல்லிவைத்தா. நான் மறுக்கவில்லை. வாயைத் திறக்காதே என்றுதான் எனக்கும் உத்தரவு. ஆக, என் வேலையை அரசாங்கமும் அம்மாவும் சேர்ந்தே மறைத்தார்கள். அம்மா கொஞ்சம் திறமாகவே மறைத்தா.

நான் வேலையில்லாமல் இல்ஃபோர்ட் வீட்டில் குந்தியிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கோயிலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறா. டூட்டிங்கில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற நடேசன் மாமா அன்றைக்கே கூப்பிட்டார். நல்ல மனிசன். தேத்தண்ணி தந்தார். உடைந்த போன் ஒன்றையும் கையில் தந்து, கண்ணாடியை மாற்றிக் காட்டச் சொன்னார். என் வாழ்நாளில் நான் போனுக்குக் கண்ணாடி மாற்றியதில்லை. திறக்கும்போதே உள்ளே இருந்த மெல்லிய வயர் அறுந்துவிட்டது. போனின் சொந்தக்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லலாம், சொன்னால் அம்மா பிறகு அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாது. மாமா போனை என்னிடமிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரக்கப்பட்டார்.

"பன்னிரண்டு வருசம் போன் கொம்பனியிலை இருந்தனீர் எண்டு உம்மடை அம்மா சொன்னவ. அங்க நீர் என்ன தம்பி, போனைத் தூசு தட்டிக்கொண்டோ இருந்தனீர்?"

மணல்

நகரின் நடுவில் ஒரு வங்கி. நேர்முகம் எடுத்தவள் எமிலி என்ற பிள்ளை. நான் ஆமியில் சேர்ந்தபோது அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பாள். வேலையில் நான் சந்தித்த ஒரு பெரிய சவாலைச் சொல்லும்படி கேட்டாள். இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்களுக்குப் பொய் சொல்லவாவது முடியும். எனக்கு முதலில் ஞாபகம் வந்த சம்பவத்தைச் சொல்ல அனுமதி இல்லை. இரண்டாவதில் இடத்தைச் சொல்லக்கூடாது. மூன்றாவதில் கூட இருந்தவர்களைச் சொல்லக்கூடாது. கடைசியில் தட்டுப்பட்டது, ஒரு பாலைவனத்தில் மெஷினுக்குள் மணல் போகாமல் பெண்களின் மெல்லிய காலுறையை வாங்கி இழுத்துக் கட்டிய கதை. எந்த நாடு என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றேன். அந்த மெஷின் என்ன செய்தது என்று கேட்டாள். அதுவும் முடியாது என்றேன். அப்படியானால் முடிவு என்ன ஆயிற்று என்றாள். நான் சிரித்து வைத்தேன். ஆக, பெயர் தெரியாத நாட்டில், எதற்கென்று தெரியாத மெஷினுக்குக் காலுறை கட்டிய ஆள் என்றுதான் அவளுடைய குறிப்பில் ஏறியிருப்பேன்.

அவள் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. அதுதான் இன்னும் கூடப் புண்படுத்தியது. எழும்பும்போது, உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"இங்கே உங்களுக்கு யாரும் உத்தரவு போட மாட்டார்கள். அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காதா?"

ஜேமியின் கணக்கு

ஜேமி, வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சிக்காரன். எப்போதும் ரயிலில் இருந்துதான் கதைப்பான். சுரங்கம் வந்தால் குரல் போய்விடும், நல்ல செய்தி எல்லாம் சுரங்கத்துக்குள் வைத்தே சொல்வான். அவனிடம் அரசாங்க வேலைகள் செய்யும் கொம்பனிகளின் இடங்கள் கைநிறைய இருந்தன. எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான்: கிளியரன்ஸ் நடப்பில் இருக்க வேண்டும்.

என்னுடையது நடப்பில்தான் இருக்கிறது, இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்றேன். அது சரி, ஆனால் இப்போது எந்தக் கொம்பனி அதை வைத்திருக்கிறது என்றான். ஒருவரும் இல்லை, அதனால்தானே வேலை தேடுகிறேன் என்றேன். அவன் உச்சுக்கொட்டினான். கொம்பனிகள் ஏற்கெனவே வேறொரு கொம்பனியில் வேலை செய்கிறவனைத்தான் எடுக்க விரும்புகின்றனவாம். கடதாசி வேலை குறைவாம். வேலை கிடைத்தால்தான் கிளியரன்ஸ் நிலைக்கும், கிளியரன்ஸ் நிலைத்தால்தான் வேலை கிடைக்கும். கல்யாணம் முடிந்தால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை. இதை நான் ஜேமிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ரயில் சுரங்கத்துக்குள் நுழையும் முன் அவனே அதை இன்னும் அழகாகச் சொன்னான்.

"வேறு யாராவது உங்களை எடுத்திருந்தால், நாங்கள் உங்களை உடனே எடுத்திருப்போம்."

எந்தப் பக்கம்

கேனரி வார்ஃபில் ஒரு ஐடிக் கொம்பனி. மேனேஜர் பாலாஜி, சென்னைக்காரர். தொழில் சம்பந்தமாக அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது தெரிந்தது. ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்து ஊரை விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றேன். அதற்குப் பிறகுதான் என் விபரத்தாளைச் சாவகாசமாகப் பார்த்தார். 'ஆர்மி' கண்ணில் பட்டது. மனிசன் எழும்பிப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, தப்பாக நினைக்க வேண்டாம், எந்தப் பக்கத்து ஆர்மி என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தாளின் தலையிலேயே பிரிட்டிஷ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தையும் ஆர்மியையும் ஒரே தாளில் பார்த்தால் தமிழனின் கண்ணுக்கு நடுவில் வேறு எழுத்து எதுவும் தெரியாது போலும். விரலால் தொட்டுக் காட்டினேன். பெரிய மூச்சு விட்டுச் சிரித்தார். தன் சித்தி மகனும் இந்திய ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி எனக்குக் காப்பி எடுத்து வந்தார். அடுத்த வாரம் அவரே போனில் கூப்பிட்டார். ஆமியில் என்னைப்பற்றி விசாரித்திருக்கிறார்கள். சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் மட்டும் பதிலாக வந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அங்கே என்ன செய்தீர்கள் என்று நீங்களாவது சொல்லுங்கள் என்றார், எனக்கும் அனுமதி இல்லை என்றேன். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு சார். ஆனா மேல யாராவது கேட்டா நான் விளக்கம் சொல்லணும். நீங்க விளக்கமே குடுக்க மாட்டேங்கிறீங்களே."

கீரிமலை

பதினோராவது மாதத்தில் கதவு திறந்தது. ஒரு அமைச்சுக்கு நெட்வொர்க் பார்க்கும் சின்னக் கொம்பனி. ஜேமி அன்றைக்கு ரயிலை விட்டு இறங்கி நின்று கதைத்தான். வேலை எனக்குத்தான், கிளியரன்ஸை அவர்களே மாற்றி எடுக்கிறார்கள், ஆமியை விட்டபின் எங்கே போனீர்கள், யார் வீட்டில் தங்கினீர்கள் என்று மட்டும் எழுதித் தரவேண்டும் என்றான். நான் யாழ்ப்பாணம் போயிருந்தேன்.

அப்பா இறந்தபோது நான் வெளிநாட்டில் பணியில் இருந்தேன். தகனத்துக்கு லண்டன் வந்து மறுநாளே திரும்பினேன். தன் சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். என்னைப் போன்றவன் யாழ்ப்பாணம் போவதென்றால் முதலே அறிவிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், வந்தபின் யாரோடு கதைத்தாய் என்று ஒப்புவிக்க வேண்டும். நீ ஆமியை விட்டாப்பிறகு கொண்டுபோவம் என்று அம்மா சொல்லிவிட்டா. அதுவரை அப்பா ஒரு பெட்டிக்குள், இறுதிச்சடங்கு செய்கிறவர்களின் அலுமாரியில் காத்திருந்தார். ஆமியை விட்ட கையோடு நானும் அம்மாவும் அவரைக் கொண்டுபோனோம். சித்தப்பா வீட்டில் தங்கினோம். எங்களைக் கீரிமலைக்கு வாகனத்தில் ஏற்றிப்போனவன் சித்தப்பாவின் மகன். அவன் இப்போது இலங்கைப் பொலிசில் இருக்கிறான். கடலுக்குள் இறங்கி என் பக்கத்தில் நின்று, அலை தள்ளாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். பன்னிரண்டு வருடமும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வெளிநாட்டுப் பொலிஸ் என்றதும் கொம்பனியின் பாதுகாப்பு அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இனி மாற்றி எடுக்க முடியாது, முதலில் இருந்து ஆராய வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். கொம்பனிக்கு ஆள் உடனே தேவை. வேறொருவனை எடுத்தார்கள். என் வருடமும் முடிந்தது. அன்று எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அப்பாவோடு சேர்த்து கிளியரன்ஸையும் கரைத்திருக்கிறேன் என்று கடலில் நின்றபோது தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். ஜேமி மட்டும் இன்னொரு தரம் கூப்பிட்டான். அவனுக்கும் கமிஷன் போய்விட்ட துக்கம்.

"நண்பரே, கேட்டார்கள்தான். அதற்காக உண்மையையா எழுதுவது?"

கதவுக்கு வெளியே

இப்போது ஒரு அரசாங்கக் கட்டடத்தில் வேலை. எந்தக் கட்டடம் என்று சொல்ல மாட்டேன், பழக்கதோசம். மடிக்கணினி பழுதுபார்ப்பது, மறந்த பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது. எனக்குப் புதிதாகக் கிளியரன்ஸ் கேட்டிருக்கிறார்கள். வரும்வரை கழுத்தில் சிவப்பு நாடா. சிவப்பு நாடாக்காரன் உள்ளே தனியாக ஓரடி வைக்கக்கூடாது. மாடிக்குப் போனால் ஒருவர் கூட வரவேண்டும். கன்டீனுக்கும் அப்படித்தான். கழிவறைக்கும் அப்படித்தான்.

எனக்குக் காவலாக வருகிறவர் குணம் அண்ணை. அவரும் இல்ஃபோர்ட்தான்; காலையில் ஒரே ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வருவோம், வாசலைத் தாண்டியதும் அவர் காவலாளி, நான் சந்தேகத்துக்குரிய ஆள். ஆமிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவர். அவருடைய கிளியரன்ஸ் பிரச்சினை இல்லாமல் வந்துவிட்டதாம். நல்லாயிருக்கட்டும். முதல் நாள் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று, குறை நினைக்க வேண்டாம், சட்டம் அப்படி என்று கூச்சப்பட்டார். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பேச்சை மாற்ற நினைத்திருப்பார், முந்தி என்ன வேலை செய்தனீர் என்று கேட்டார். என் வாய் தன் பாட்டில் போன் கொம்பனி என்றது. அம்மாவின் கோயில் அவருடைய கோயிலும்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, லிஃப்ட் பொத்தானை அமத்திவிட்டு, ஒரு தம்பிக்குச் சொல்கிற பரிவோடு சொன்னார்.

"அப்ப உமக்கு இதெல்லாம் புதுசாத்தான் இருக்கும். ரகசியம் காக்கிறது எண்டா சும்மா இல்லைத் தம்பி, எல்லாராலையும் ஏலாது."

பன்னிரண்டு வருடம் இந்த நாட்டை நான் காவல் காத்தேன். இப்போது நான் கழிவறைக்குப் போனாலும், கதவுக்கு வெளியே ஆள் நிறுத்தி என்னிடமிருந்து அது தன்னைக் காத்துக்கொள்கிறது.