முன்னால் போன காரின் நீலப் புகை

நெய்வேலியிலிருந்து ஏற்காட்டுக்குக் காரில் போக வழி மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் கடைசிக்கு முந்தைய பத்திக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்கு, 2016 பிப்ரவரியில் நாங்கள் போய் வந்த கதையைச் சொல்கிறேன்.

போகலாம் என்று கிளப்பியவன் பிரான்சிஸ். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலைக்கு நாங்கள் இருவரும் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள். ஒன்பது வருடம் ஒரே ஷிப்ட், கேன்டீனில் ஒரே மேசை. பிறகு அவன் பர்மனென்ட் ஆனான், நான் ஆகவில்லை. அவனுக்குக் குவார்ட்டர்ஸ் வந்தது. நான் நகரியத்துக்கு வெளியே வாடகை வீட்டிலேயே இருந்தேன். அப்புறம் அவன் புதுக் கார் வாங்கினான், வெள்ளை நிறத்தில். நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "மச்சான், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருடா" என்று சாவியை நீட்டினான். கையெல்லாம் அழுக்கு என்று சொல்லித் தப்பித்தேன். கையில் ஒரு அழுக்கும் இல்லை.

என்னிடமும் கார் உண்டு. எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியது, பதின்மூன்று வயது. ஏ.சி. கிடையாது. ஆயில் குடிக்கும், அதனால் டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் ஆயில் கேன் கிடக்கும்.

சனிக்கிழமை காலை 5.40-க்கு இரண்டு வண்டிகளும் கிளம்பின. கிளம்பும் நேரத்தில் என் எட்டு வயது மகள் யாழினி, "அப்பா, நான் பிரான்சிஸ் மாமா கார்லயே வர்றேம்பா, அதுல ஏசி இருக்கு" என்று ஓடிப்போய் அவன் மனைவி ஜெசிந்தாவோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். என் மனைவி கலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருத்தாசலம் 6.20. வேப்பூர் 6.50. அதைத் தாண்டி ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிய பிரான்சிஸ், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அவன் வண்டிக்குப் பின்னால் லேசாக நீலப் புகை வந்தது. அடுத்த வேகத்தடையிலும் வந்தது. ஆயில் எரிந்தால்தான் அந்த நிறம். என் வண்டியில் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியது. முன்னால் ஓட்டுபவனுக்கு அது தெரியாது. பின்னால் வருபவனுக்குத்தான் தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தப் புகையைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பக்கத்தில் இருந்த கலாவிடம்கூடச் சொல்லாமல் நானே அதை அனுபவித்துக்கொண்டு போனேன்.

ஆத்தூரில் 8.30-க்குச் சாப்பாடு. பொங்கல், வடை, காபி, ஐந்து பேருக்கு 310 ரூபாய். மற்றவர்கள் கை கழுவப் போனபோது நான் மட்டும் அவன் வண்டிக்குப் பின்னால் குனிந்து, ஆறிப்போயிருந்த சைலன்ஸர் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று கரி ஒட்டியது. நிமிர்ந்தால் பிரான்சிஸ் நிற்கிறான்.

"இன்னாடா பாத்துகினு இருக்க? பின்னாடியே வர்றியே, வண்டி எப்படிப் போவுது?"

"சூப்பரா போவுது மச்சான்" என்றேன். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். என்ன ஆகிவிடும், சர்வீஸுக்கு விடும்போது மூஞ்சி தொங்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

சேலத்தைத் தாண்டி மலையடிவாரத்துக்கு வந்தபோது மணி 10.15. மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினோராவது வளைவில் பிரான்சிஸின் வண்டியிலிருந்து 'டக டக' என்று சத்தம் கேட்டது. அடுத்த நொடி இன்ஜின் நின்று, பிரேக் இறுகிப்போய், வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் ஒரு பஸ். இடதுபுறம் பள்ளம். பின்கண்ணாடி வழியாக யாழினியின் முகம் என்னை நோக்கி வந்தது. நான் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவன் வண்டி என் பம்பரில் இடித்து நின்றது. யாழினி அழுதுகொண்டே இறங்கி ஓடிவந்தாள். யாருக்கும் அடி இல்லை.

மலைமேலே மூட்டை ஏற்றிக்கொண்டு போன வேன்காரர் ஒருவர் இறங்கிவந்து பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் ஈரமே இல்லை.

"ஆயிலே இல்லீங்களே சார்!"

"ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தாங்க ஓடியிருக்கு, பத்தாயிரத்துலதான் ஆயில் மாத்தணும்னாங்க. லைட்டும் எரியலீங்களே" என்றான் பிரான்சிஸ்.

"அந்த லைட்டு ஆயில் கொறைஞ்சா எரியாதுங்க, பிரஷர் போனாத்தான் எரியும். அது எரியறப்ப இன்ஜின் போயிருக்கும்ங்க."

என் டிக்கியிலிருந்து கேனை எடுத்துப் போனேன். முழு லிட்டரையும் ஊற்றினோம், பயனில்லை. சேலத்திலிருந்து இழுவை வண்டி வந்து அதை இழுத்துப் போனது. ஐந்து பேரும் என் காரில் ஏறினோம்.

"பழைய வண்டின்னாலும் எப்படி ஏறுது பாரு!" என்றான் பிரான்சிஸ்.

"நாங்களும் இந்த மாதிரியே வாங்கியிருக்கலாம்ணே" என்றாள் ஜெசிந்தா. யாழினி முன்சீட்டில் கலாவின் மடியில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று ஏங்கியதையெல்லாம் கேட்டுவிட்டேன். ஒரு வார்த்தைகூட உள்ளே இறங்கவில்லை.

மாலை நாலரைக்கு ஏரிக்கரையில் மற்றவர்கள் படகுக்கு வரிசையில் நின்றார்கள். நானும் பிரான்சிஸும் மட்டும் பெஞ்சில்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றேன். "வேப்பூர்லேர்ந்தே பொகைய பாத்துகினுதான் வந்தேன். டிக்கியில ஆயிலும் இருந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"பொறாமைடா."

படகு வரிசையில் நின்ற யாழினியைப் பார்த்தான். பிறகு, "உம் பொண்ணு உள்ள இருந்துச்சேடா" என்றான். எழுந்து வரிசைக்குப் போய்விட்டான். மறுநாள் காலை 7 மணி பஸ்ஸில் தனியாகச் சேலத்துக்கு இறங்கிவிட்டான். ஜெசிந்தா எங்களோடு ஊர் திரும்பினாள்.

ஒர்க்‌ஷாப்பில், இந்த அளவு ஆயில் குடிப்பது சகஜம்தான், நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும் என்று முதலில் கைவிரித்தார்களாம். சண்டை போட்டபின் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்க மூன்று வாரம் ஆனது. வண்டி இல்லாமல் அவன் சைக்கிளில் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தான். தினமும் அவன் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையில் என் பைக்கை நிறுத்திக் கூப்பிடுவேன். நேராகப் பார்த்தபடி போய்விடுவான். ஒன்பதாம் நாள் சைக்கிளைப் பூட்டிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

வழி இதுதான்: விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர், சேலம், ஏற்காடு. என் மீட்டரில் 191 கி.மீ. நிதானமாகப் போனால் ஐந்தரை மணி நேரம். மலையேறுமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். புது வண்டியானாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள், விளக்கை நம்பாதீர்கள். வண்டிக்குச் சொல்லியிருக்கும் அதே கிரேடு ஆயில் ஒரு லிட்டர் உடன் இருக்கட்டும். இரண்டு வண்டியில் போனால், பின்னால் வருபவர் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன மாதம் பிரான்சிஸுக்கு முன்னதைவிடப் பெரிய குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். போய்ச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு படுக்கையறை, பின்னால் மாமரம். வயிறு எரிந்தது. சமையலறைச் சுவரில் தண்ணீர் கசிந்து ஊறியிருந்ததை அவனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.