வெள்ளைத் தோலோடு வெந்த கிரான்பெரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருடமாக யோசித்திருக்கிறேன். கொப்பியைத் திறப்பேன், சிலுவை அடையாளம் போடுவேன், மூடி வைத்துவிடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் தயங்கியது அதற்காக இல்லை. எழுதினால் கடைசியில் என் மச்சாளை மன்னித்துவிட்டேன் என்று முடிக்க வேண்டி வருமே என்றுதான். இன்னும் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதலாம் என்று இப்போதுதான் புத்தி வந்தது.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. பிக்கரிங்கில் இருக்கிறார். அவர்தான் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். அதனாலோ என்னவோ, நான் நன்றாகச் செய்வதெல்லாம் தான் பழக்கியது என்பார். என் கறியும் என் தையலும்கூட அவர் பழக்கியதுதானாம். ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அவர் வீட்டில் தாங்ஸ்கிவிங் என்கிற நன்றித் திருநாள் சாப்பாடு. வான்கோழி அவருடையது, அதற்குத் தொட்டுக்கொள்கிற கிரான்பெரிப் பழச் சோஸ் மட்டும் என்னுடையது. அந்த வீட்டு மேசையில் என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான்.

அதை நான் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தபோது பழகினேன். பழக்கியவர் அங்கே தலைமைச் சமையல்காரியாக இருந்த ஒரு ஜமேக்கா அம்மா. தோடம்பழத் தோலின் ஒரேஞ்ச் மேல்நிறத்தை மட்டும் துருவ வேண்டும், அடியில் வெள்ளை தெரிந்தால் கையை நிறுத்த வேண்டும், அந்த வெள்ளைதான் கசப்பு என்று காட்டித் தந்தார். தேசிக்காயைத் தோலோடு உப்பில் போட்டு ஊறுகாய் தின்கிற எங்கள் ஆட்களுக்கு இது தெரியாது. நானே முதல் நாள் முழுத் தோலையும் அரிந்து போட்டு ஒரு பெரிய சட்டியைப் பழுதாக்கினேன்.

ஒரு வருடம் பங்குத்தந்தையும் மச்சாள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். என் சோஸை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இது யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

“என்ரை கைப்பாகம்தான் பாதர்” என்றார் மச்சாள்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வான்கோழி எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது காருக்குள், “ஒரு சோஸுக்கே உந்த முகம்?” என்று கேட்டார். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டிடம் வரும்வரை நான் ஒன்றைத்தான் நினைத்தேன். யாருக்கு முன்னால் மச்சாள் அதைச் சொன்னாரோ, அவருக்கு முன்னாலேயே, தன் வாயாலேயே, அது என்னுடையது என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் கோயில் மண்டபத்தில் பங்கு முழுவதுக்கும் தாங்ஸ்கிவிங் விருந்து. பாதர் சோஸை மச்சாளிடம் பொறுப்புக் கொடுத்தார். மச்சாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“நீர் உந்தச் சோஸ் என்னெண்டு செய்யிறனீர்? ஒருக்காச் சொல்லும், எழுதிறன்.”

குரலில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை. எந்த நாள் கிண்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். விருந்து சனிக்கிழமை, அதனால் வெள்ளி காலையில் என்றார். அந்த இடத்தில்தான் பிசாசு என் பக்கத்தில் வந்து குந்தியது. மச்சாளுக்கு வெள்ளிக்கிழமை ஒருசந்தி. மகனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது வைத்த நேர்த்தி அது. பின்னேரப் பூசை முடியும்வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்க மாட்டார். சமைக்கிற கறியில் உப்புக்கூடப் பார்க்க மாட்டார்.

“தோடம்பழத்தை முழுசா அரிஞ்சு போடுங்கோ மச்சாள். அந்த வெள்ளை, விதை ஒண்டையும் எறியாதேங்கோ. வாசமே அதிலைதான்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன்” என்றார்.

ஊறுகாய் போட்ட கை, வேறு என்ன நினைக்கும்! கூடவே இரண்டு தேசிக்காயைத் தோலோடு போட்டு, அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மத்தியானமே மண்டபத்துக் குளிர்ப்பெட்டியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். வீட்டில் வைத்தால் நிறம் மாறிவிடும் என்றேன். அவரின் ஒருசந்தியை நான் ஆயுதமாக எடுத்தேன். என் பாவம் அதுதான். மற்றதைப் பாவம் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை செபமாலை சொன்னேன். வாய் அருள்நிறை மரியே என்றது, மனம் பிக்கரிங்கில் அந்தச் சட்டிக்குள் நின்றது. சொல்லி முடித்த கையோடு, என் முறைப்படி நானும் ஒரு சட்டி செய்து வைத்தேன்.

தோலின் கசப்பு ஒரு இரவு இருந்தால் இன்னும் ஏறும். சனிக்கிழமை மண்டபத்தில் பிள்ளைகள் பேப்பர் துவாலைக்குள் துப்பினார்கள். பாதர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார். நான் வெறும் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படி ருசித்த உருளைக்கிழங்கை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

பாட்டுக்குழுவில் பாடுகிற பெண் ஒருத்தி, “என்ன அன்ரி, வேப்பங்கொட்டையும் போட்டனீங்களோ?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் எழும்பினார்.

“என்னைக் கேக்காதேங்கோ. உது என்ரை இல்லை. என்ரை தம்பின்ரை மனுசியின்ரை முறை. போன வருசம் பாதர் சாப்பிட்டதும் அவ செய்ததுதான். அவ சொன்னபடி நான் கிண்டினன், அவ்வளவுதான்.”

ஒரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதே வாய், அதே பாதர். ஆனால் மண்டபத்தில் இருந்த முகம் எல்லாம், பழுதாக்கியவள் இவள்தானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

நான் எழும்பிக் காருக்குப் போனேன். என் சட்டியை எடுத்து வந்து பாதருக்கு முன்னால் வைத்தேன்.

“என்ரை முறை இதுதான் பாதர்.”

அவர் பயந்து பயந்து தொட்டுப் பார்த்தார். பிறகு கரண்டி நிறைய அள்ளினார். அதைப் பார்த்து வரிசை நீண்டது. வரிசையின் கடைசியில், கோப்பையைக் கையில் பிடித்தபடி மச்சாளும் வந்தார். அந்த இடத்திலேயே வாயில் வைத்துப் பார்த்தார்.

“அப்ப எனக்குப் பிழையாச் சொன்னனீர்.”

“ஓம் மச்சாள்.”

“வெள்ளிக்கிழமை எண்டு தெரிஞ்சு.”

“தெரிஞ்சுதான்.”

 மச்சாள் இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு போய் இருந்தார். கடவுள் பொறுக்க வேண்டும், அந்த இரண்டாவது கரண்டியை நினைத்து நான் இன்றும் கடவுளுக்குத்தான் நன்றி சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சாளுக்குச் சரியான முறையைக் கொடு, அதுதான் உனக்கு அபராதம் என்றார் பாதர். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுபடியும் அது அவருடைய கைப்பாகம் ஆகிவிடும். ஆனால் தீர்க்காத அபராதத்தோடு சாகவும் பயமாக இருக்கிறது. அதனால் அவருக்கு மட்டும் கொடுக்காமல், அவர் உட்பட எல்லோருக்கும் கொடுக்கிறேன்.

கிரான்பெரி ஒரு பை. கழுவி, நசுங்கியதை எடுத்துவிடுங்கள். ஒரு கோப்பையை விடக் கொஞ்சம் குறைவாகச் சீனி, இரண்டு தோடம்பழத்தின் சாறு, ஒரு துண்டு கறுவாப்பட்டை. அடுப்பில் வைத்தால் பழம் ஒவ்வொன்றாக வெடிக்கும். முக்கால்வாசி வெடித்ததும் இறக்கிவிடுங்கள், பத்து நிமிடம்கூடப் போகாது. இறக்கிய பிறகுதான் துருவிய தோலும் அரைத் தேசிக்காய்ச் சாறும். மேல்நிறம் மட்டும், வெள்ளை வேண்டாம் மச்சாள். ஆறினால் தானாக இறுகும்.

வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்கும் கொடுங்கள், பங்கில் எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆனால் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள். சமைக்கிற முறையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். வெட்டினால் அது யாருடைய முறையாகப் பிக்கரிங்கில் இருந்து திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும்.